வாயில்லா ஜீவன்

'வாயில்லா ஜீவன்' என்று ஒரு பிரயோகம் நம்மிடையே வெகு காலமாக இருந்து வருகிறது. வண்டி மாட்டை அடிக்கிறவனைப் பார்த்து, "வாயில்லா ஜீவனை ஏனப்பா அடிக்கிறாய்?" என்று கேட்கிறோம். இரக்கத்தோடு சொல்லும் வார்த்தைதான், சந்தேகமில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதில் ஒரு வேடிக்கை தெரியும். மாட்டுக்கு நம்மைவிடப் பெரிய வாய் இருக்கிறது. அசைபோடுவதற்கு மட்டுமல்ல, கன்றைக் கூப்பிடவும், தண்ணீர் கேட்கவும், கறக்கும் நேரம் தாண்டிவிட்டது என்று தெரிவிக்கவும் அது அந்த வாயை உபயோகிக்கிறது. வாயில்லை என்று நாம் சொல்வதன் அர்த்தம், நமக்குத் தெரிந்த பாஷையில் அது பேசவில்லை என்பதுதான்.

இருந்தாலும் பிராணிகளோடு பேச வேண்டும் என்ற ஆசை நமக்கு என்றைக்குமே குறைந்ததில்லை. மயிலாப்பூரில் எங்கள் தெருவில் பல வீடுகளில் இன்னும் மொட்டை மாடிச் சுவரில் ஒரு பிடி சாதத்தை வைத்து, 'கா, கா' என்று கூப்பிட்ட பிறகுதான் இலை போடுகிறார்கள். அது காக்கையின் பாஷையா, நம் பாஷையா என்று யாரும் விசாரித்ததில்லை. சுவரில் பல்லி சத்தமிட்டால், எந்தத் திசை, எந்தக் கிழமை என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். முன்பெல்லாம் கோயிலைச் சுற்றிய வீதிகளில் கிளி ஜோசியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூண்டைத் திறந்தால் கிளி வெளியே வந்து, ஒரு சீட்டை எடுத்துப் போட்டுவிட்டு, கூலியாக ஒரு நெல்லை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடும். பூம்பூம் மாட்டுக்காரர் வாசலில் வந்து நின்று, "அம்மாவுக்கு நல்ல காலம் பிறக்குமா?" என்று மாட்டைக் கேட்பார். மாடு தலையை ஆட்டும். "ஐயாவுக்கு உத்தியோகம் உயருமா?" அதற்கும் ஆட்டும். பூம்பூம் மாடு 'இல்லை' என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

இந்தச் சம்பாஷணைகளில் எல்லாம் கேள்வியும் நம்முடையது, பதிலும் நம்முடையது. பாவம், நடுவில் ஒரு பிராணியைச் சாட்சிக்கு நிறுத்தி வைத்துக்கொள்கிறோம்.

இதே பழைய ஆசையை இப்போது யந்திரங்களின் துணையோடு விஞ்ஞானிகள் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மிருக சாஸ்திரம் படித்தவர், பாஷை இயல் படித்தவர், கம்ப்யூட்டர் படித்தவர், கடலில் மிதக்கும் கருவிகளைச் செய்யும் என்ஜினியர் என்று தனித்தனிக் கட்டடங்களில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரே மேஜைக்கு வந்திருக்கிறார்கள். டொமினிக்கா என்ற தீவுக்குப் பக்கத்தில் திமிங்கிலங்களின் 'டக் டக்' ஒலிகளை ஒரு கூட்டம் பதிவு செய்கிறது. 2025ல், டால்பின்களின் சீழ்க்கைகளைக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டர் ஒன்றைக் கூகுள் கம்பெனியார் அறிவித்தார்கள். விஞ்ஞானம் நான் கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு விட்டுவிட்ட சங்கதி. ஆனாலும் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு, யார் யாரோடு பேசினாலும் ஒட்டுக்கேட்கும் வழக்கம் போகாது. அதனால் இந்தச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

இந்த விஷயத்தில் அவசரப்பட்டவர் தியாகராய நகரில் இருக்கும் என் சிநேகிதர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு அடுக்கு வீட்டில் மூன்றாவது மாடியில் அவரும் அவர் மனைவியும் குடியிருக்கிறார்கள். இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். வீட்டில் மணி மட்டும் இருக்கும். மணி, பழுப்பு நிற நாட்டு நாய். அதற்குத் தனிமை தெரியக்கூடாது என்று காமிராவும் ஒலிபெருக்கியும் சேர்ந்த ஒரு பெட்டியைக் கூடத்தில் வாங்கி வைத்தார். ஆபீசில் இருந்தபடியே செல்போனில் மணியைப் பார்க்கலாம், பேசலாம்.

முதல் நாள் மத்தியானம் அவர், "மணி கண்ணா, சாப்பிட்டியாடா?" என்று கேட்டிருக்கிறார். மணி துள்ளி எழுந்தது. பெட்டியை மோந்து பார்த்தது. பெட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. குளியலறை வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்தது. குரல் இருக்கிறது, ஆளின் வாசனை இல்லை. மனுஷனுக்குக் குரலே ஆளாகிவிடுகிறது. நாய்க்கு வாசனை இல்லாத ஆள் ஆளாகாது. கடைசியில் அது வாசற்கதவின் அடியில் இருந்த இடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு படுத்துவிட்டது. மூன்று நான்கு நாளில், பெட்டி பேசினால் மணி திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

சிநேகிதர் விடவில்லை. நாயின் குரைப்பை மொழிபெயர்த்துத் தரும் என்று விளம்பரம் செய்திருந்த ஒன்றைச் செல்போனில் இறக்கிக்கொண்டார். நான் போயிருந்த அன்று மணி இரண்டு தடவை குரைத்தது. 'நான் உங்களை மிகவும் நேசிக்கிறேன்' என்று செல்போன் காட்டிற்று. சிநேகிதர் முகம் மலர்ந்துவிட்டது. மணி மறுபடி குரைத்தது. 'நீங்கள் என் உலகம்' என்றது செல்போன். அடுத்த நிமிஷம், கீழே அழைத்துப் போவார்கள் என்று காத்திருந்து அலுத்துப்போன மணி, கூடத்து மூலையில் தன் காரியத்தை முடித்துவிட்டது.

எனக்குப் பூம்பூம் மாடு ஞாபகத்துக்கு வந்தது. மாட்டுக்காரராவது நெற்றியில் நாமமும் கையில் உறுமியுமாக வந்து நிற்பார். அவர் தொழில் இன்னதென்று பார்த்தாலே தெரியும்.

நிஜமான ஆராய்ச்சி வேறு விதம். அது அவசரப்படுவதில்லை. ஆனால் அதிலும் ஒரு சங்கடம் உண்டு என்பதை எனக்குத் தெரிவித்தவன் என் சகோதரியின் பிள்ளை, பத்து வயது. பறவையின் குரலைக் கேட்டு இன்ன பறவை என்று சொல்லும் 'மெர்லின்' என்ற ஒன்றை, அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையின் பறவை ஆராய்ச்சிக் கூடத்தார் தயாரித்திருக்கிறார்கள். பையன் அதைச் செல்போனில் வைத்துக்கொண்டு கோடை விடுமுறையில் எங்கள் மொட்டை மாடியில் திரிந்தான். அதில் பறவைகளின் குரல் பதிவுகளும் இருக்கின்றன. ஒரு நாள் விடியற்காலையில் குயிலின் குரலை உரக்க வைத்துவிட்டான். பக்கத்து வீட்டு வேப்ப மரத்தில் ஆண் குயில் ஒன்று பறந்து வந்து உட்கார்ந்தது. கறுப்பு உடம்பு, சிவந்த கண். அது பதிலுக்குக் கூவிற்று. பெட்டி கூவிற்று. அது இன்னும் உயர்ந்த சுருதியில் கூவிற்று. கிளைக்குக் கிளை தாவிற்று, எங்கள் மாடிச் சுவருக்கே வந்தது, இல்லாத எதிரியைத் தேடிற்று. பையனுக்கு முதலில் சந்தோஷம், பிறகு பயம் வந்துவிட்டது. சட்டென்று நிறுத்திவிட்டு என்னிடம் வந்தான்.

"மாமா, நான் அதுகிட்ட என்ன சொன்னேன்?"

பெரிய விஞ்ஞானிகளுக்கும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப வழியில்லை. 2021ல் அலாஸ்காக் கடலில் ஒரு கூட்டத்தார், கூனல் திமிங்கிலம் ஒன்றின் கூப்பிடும் குரலை நீருக்கடியில் ஒலிபரப்பினார்கள். அவர்கள் 'ட்வெயின்' என்று பெயர் வைத்திருந்த ஒரு பெண் திமிங்கிலம் படகுக்கு அருகில் வந்து சுமார் இருபது நிமிஷம், 36 தடவை பதில் சொல்லிற்று. பத்திரிகைகள் எல்லாம் 'மனிதன் திமிங்கிலத்தோடு உரையாடினான்' என்று எழுதின. ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிய குறிப்பில் இன்னொரு விவரமும் இருக்கிறது. திமிங்கிலம் முதலில் ஆவலாக இருந்தது, பிறகு கலவரப்பட்டது, கடைசியில் விலகிப் போய்விட்டது. ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆசாமியோடு யார்தான் எத்தனை நேரம் பேசிக்கொண்டிருக்க முடியும்?

ஆகவே பேசுவதைவிடக் கேட்பது மேல் என்று தோன்றுகிறது. கேட்கத் தெரிந்த ஒருவர் எங்கள் மயிலாப்பூரிலேயே இருந்தார் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று வழங்கும் எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில் பெருங்குளம் ஹவுஸ் என்று ஒரு வீடு இருந்தது. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா கட்டிய வீடு. 1925ல் சென்னைச் சர்வகலாசாலை செனட் கூட்டத்தில், பட்டப் படிப்பில் தமிழ் கட்டாயமாக இருக்க வேண்டும் என்று பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் துறந்தார். மனுஷ பாஷைக்காக வாதாடிய அந்தத் தகப்பனாரின் பிள்ளை, மா. கிருஷ்ணன், காட்டு மிருகங்களின் பின்னால் போனார். பல பாகங்களை ஒட்டுப்போட்டுத் தாமே செய்துகொண்ட காமிராவால் கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுத்தார். 1950லிருந்து 1996ல் காலமாகும் வரை, கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி விடாமல் எழுதினார்.

தென்னிந்தியாவின் பெரிய மிருகங்களைப் பற்றி 1970களின் தொடக்கத்தில் எழுதிய ஆராய்ச்சியில் யானைகளைப் பற்றி அவர் ஒன்று சொன்னார். பிளிறலும் உறுமலும் தவிர, காதில் விழுந்தும் விழாமலும் தொண்டைக்குள் எழும் ஒரு தாழ்ந்த ஒலியால் யானைகள் ஒன்றுக்கொன்று செய்தி தெரிவித்துக்கொள்கின்றன என்பது அவர் கண்டது. ஒலிப்பதிவுக் கருவி ஏதும் கையில் இல்லை. காட்டில் அசையாமல் நின்று கேட்ட பழக்கம் ஒன்றுதான் சாதனம்.

சுமார் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1984ல், கேட்டி பெய்ன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஓரெகான் மாகாணத்துப் போர்ட்லண்டு மிருகக் காட்சிசாலையில் ஆசிய யானைகளின் கூண்டருகே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். அதற்கு முன் திமிங்கிலப் பாட்டுகளை ஆராய்ந்தவர். யானைகளின் பக்கத்தில் இருக்கும்போது காற்றில் ஒரு துடிப்பு, ஓசையே இல்லாத ஓர் அதிர்வு. ஊருக்குத் திரும்பும் விமானத்தில் திடீரென்று அவருக்குப் பொறி தட்டிற்று. சிறுமியாகத் தேவாலயத்தில் பாடியபோது, பெரிய ஆர்கனின் மிகத் தாழ்ந்த சுரங்கள் உடம்பில் இதே மாதிரிதான் அதிர்ந்தன! கருவிகளோடு திரும்பிப் போய்ப் பதிவு செய்தார். பதிவை வேகமாக ஓட்டிக் கேட்டபோது, நிசப்தம் என்று எண்ணியிருந்த இடமெல்லாம் யானைகள் பேசிக்கொண்டிருந்தன. அந்தப் பேச்சின் அதிர்வு வினாடிக்கு 14லிருந்து 24 வரை. மனுஷக் காது சுமார் 20க்குக் கீழே எதையும் அறியாது. வாயில்லா ஜீவன் என்றோமே, குறை வாயில் இல்லை.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தைக் கம்ப்யூட்டர் எழுதிற்று. கென்யாவில் பல வருஷங்களாகப் பதிவு செய்த 469 யானைக் குரல்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்து, எந்தக் குரல் எந்த யானையை நோக்கி எழுந்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் நூற்றுக்கு எட்டுத் தடவை சரியாக இருக்கும். கம்ப்யூட்டர் இருபத்தேழு தடவைக்கு மேல் சரியாகச் சொல்லிற்று. யானைகள் ஒன்றையொன்று பெயர் மாதிரி ஏதோ ஒன்றால் அழைத்துக்கொள்கின்றன என்ற முடிவு 2024ல் வெளியாயிற்று. பதினேழு யானைகளுக்கு ஒலிபரப்பியும் பார்த்தார்கள். தன்னைக் கூப்பிட்ட குரலுக்கு அந்தந்த யானை விரைவாகத் திரும்பிற்று, பதில் கொடுத்தது. கதாபாத்திரங்களுக்குப் பெயர் வைக்கப் பேப்பரும் பேனாவுமாகத் திண்டாடுகிற எனக்கு, இந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு வெகு நேரம் தூக்கம் வரவில்லை.

சரி, யானைக்குப் பெயர் இருக்கிறது. அதனால் நமக்கும் யானைக்கும் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் கென்யாவில் இல்லை, நம் ஆனைமலையில் இருக்கிறது.

வால்பாறை மேட்டு நிலம் சுமார் 220 சதுர கிலோமீட்டர். முக்கால்வாசி தேயிலை. எழுபதினாயிரம் ஜனங்களுக்குக் குறைவில்லை. சுற்றிலும் காடு. யானைகளுக்கு அது பாட்டன் பூட்டன் காலத்து வழி. தோட்டம் போட்டவர்கள்தான் பிற்பாடு வந்தவர்கள். சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கி லயன் வீட்டுக்கு நடந்து போகிற தொழிலாளி, தேயிலைப் புதருக்கு அந்தப் பக்கம் யானை நிற்பது தெரியாமல் அதன் முன்னால் போய் நிற்பார். யானையும் திடுக்கிடும். அங்கே நேர்ந்த சாவுகளில் பெரும்பாலானவை இப்படி நேர்ந்தவை. யாருக்கும் யார்மேலும் விரோதம் இல்லை. தகவல் இல்லை, அவ்வளவுதான்.

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமார் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டத்தாரும் பல வருஷம் அந்த யானைகளைப் பின்தொடர்ந்தார்கள். 2011லிருந்து, இன்று மாலை இன்ன எஸ்டேட்டில் யானைகள் இருக்கின்றன என்று சுற்றுவட்டாரத்து மக்களின் செல்போன்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலாகவே தகவல் போயிற்று. உள்ளூர் டெலிவிஷனில் எழுத்து ஓடிற்று. முக்கியமான இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்குகளை வைத்தார்கள். பக்கத்தில் யானை இருந்தால், பதிவு செய்துகொண்டவர்கள் செல்போனில் கூப்பிட்டே விளக்கை எரிய விடலாம். விளக்கு மினுக்கினால், இறங்குகிறவர் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொள்வார், அல்லது துணைக்கு ஆள் வரும்வரை நிற்பார். சாவுகள் குறைந்தன. 2015ல் ஆனந்தகுமாருக்கு லண்டனில் விட்லி பரிசு கொடுத்தார்கள்.

இதில் யானை ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாமும் யானையிடம் ஒன்றும் சொல்லவில்லை. 'நான் இங்கே இருக்கிறேன்' என்ற ஒரே ஒரு செய்தி, யானையின் பக்கமிருந்து மனுஷன் பக்கம் வந்து சேர்ந்தது. அதைக் கேட்டவன் நடையை மாற்றிக்கொண்டான். எனக்குத் தெரிந்தவரையில் இந்த ஆராய்ச்சி முழுவதிலும் நிஜமான சம்பாஷணை என்று சொல்லக்கூடியது இதுதான்.

நாம் எந்தக் காட்டிலும் இல்லையே, மாம்பலத்தில் இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைப்பீர்கள். 2021 நவம்பரில் ஓர் இரவு, மங்களூரிலிருந்து நம் சென்னைக்கு வந்துகொண்டிருந்த விரைவு ரயில், கோயம்புத்தூருக்குச் சமீபம் நவக்கரையில் மூன்று யானைகள்மேல் மோதிற்று. மூன்றும் செத்துப்போயின. அந்த ரயிலில் வந்தவர்கள் மறுநாள் சென்ட்ரலில் இறங்கி, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, நம் தெருக்களுக்குத்தான் வந்திருப்பார்கள். 2024 பிப்ரவரியில் மதுக்கரை வனப் பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிப் பன்னிரண்டு கோபுரங்களை வனத்துறையார் நிறுத்தினார்கள். இருட்டில் உடம்புச் சூட்டைக் கொண்டே பார்க்கும் காமிராக்கள் அவற்றில் இருக்கின்றன. யானை தண்டவாளத்தை நெருங்கினால், அது யானைதான் என்று கம்ப்யூட்டரே கண்டுகொண்டு, கட்டுப்பாட்டு அறைக்கும் ரயில்வேக்காரர்களுக்கும் சொல்லிவிடுகிறது. ரயில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. நமக்கு ஐந்து நிமிஷம் தாமதம் ஆகிறது. அந்த ஐந்து நிமிஷம்தான் நாம் யானைக்குச் சொல்லும் பதில்.

ஆனால் எல்லாவற்றுக்கும் யந்திரம் வரட்டும் என்று காத்திருப்பதும் ஒரு சாக்குத்தான். அடையாறு ருக்மிணி தேவி அருண்டேலை எல்லோரும் நாட்டியத்துக்காக நினைக்கிறார்கள். 1952ல் ராஜ்ய சபைக்கு நியமனம் ஆன பிறகு, பிராணிகளை வதைப்பதைத் தடுக்க அவர் தாமே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் கொண்டுவரும் என்று நேரு கூறியதன்பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960ல் சட்டம் வந்தது. 1962ல் ஏற்பட்ட பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அடிபட்ட மாடு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு அகராதி வேண்டியிருக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினவே, அதையும் யாரும் மொழிபெயர்த்துத் தர வேண்டியதில்லை. மூச்சுவிட மேலே வர முடியாமல் மீன் வலைகளில் மாட்டிக்கொண்ட ஆமைகள் அவை.

அந்த ஆமைகளோடு நமக்கு இன்னொரு பேச்சும் உண்டு. அதை நாம் அறியாமலே பேசிக்கொண்டிருக்கிறோம். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக் குஞ்சு, இருட்டில் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும். ஆதிகாலம் தொட்டு அந்தப் பக்கம் கடலாகத்தான் இருந்தது. இப்போது பெசன்ட் நகரில் கடலைவிடத் தெரு விளக்கு பிரகாசமாக இருக்கிறது. 'இங்கே வா' என்று விளக்குச் சொல்கிறது. குஞ்சு அதை நம்பி ரஸ்தாவுக்கு வருகிறது. 1988லிருந்து மாணவர்கள் கூட்டம் ஒன்று, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் இரவில் மணலில் நடந்து, முட்டைகளை எடுத்து வேலி கட்டிய இடத்தில் புதைத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறது. தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் மாறினாலும் நடை நிற்கவில்லை. குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கடற்கரை விளக்குகளை அணைக்கும்படியும் அவர்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

சென்ற பங்குனியில் ஒரு நாள் மாலை நானும் அங்கே போய் நின்றேன். கூடையில் குஞ்சுகள் உள்ளங்கையில் அடங்கும் அளவில் நெளிந்துகொண்டிருந்தன. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோரும் செல்போனை நீட்டிக்கொண்டிருந்தோம். மாணவி ஒருத்தி, கல்லூரியில் முதல் வருஷம் இருக்கலாம், கூடையை மணலில் சாய்ப்பதற்கு முன்னால் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

"எல்லாரும் போனை உள்ள வெச்சுடுங்க சார். அதுங்களுக்கு வழி தெரியணும்."

ஒவ்வொன்றாக வெளிச்சங்கள் அணைந்தன. கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு அலையின் நுரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. குஞ்சுகள் அதைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.